குண்டு விழுந்த நிலத்துக்குக் கீழே ஒரு கோட்டை

1940 டிசெம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனின் பழைய மையப் பகுதியான ‘சிற்றி’யில் அலுவலகங்களும் களஞ்சியங்களும் பூட்டிக் கிடந்தன. ஜேர்மன் விமானங்கள் அன்று பெரும்பாலும் கொட்டியவை எரிகுண்டுகள். பூட்டிய கட்டடங்களின் கூரைகளில் பிடித்த சிறு நெருப்புகளை உடனே அணைக்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. தேம்ஸ் நதியும் வற்றிக் கிடந்த நேரம். தீயணைப்புப் படையினரின் குழாய்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. சென். போல் பேராலயம் தப்பியது. அதன் அருகே இருந்த புத்தகக் களஞ்சியங்கள் தப்பவில்லை. இலட்சக்கணக்கான நூல்கள் விடிவதற்குள் சாம்பலாகின. அங்கிருந்து வடக்கே, துணிக் களஞ்சியங்களும் சிறு பட்டறைகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளுமாக நெருக்கியடித்துக் கிடந்த கிரிப்பிள்கேற் வட்டாரம் ஏறத்தாழ முழுவதுமாக எரிந்துபோனது.

யுத்தம் முடிந்து ஆறு வருடங்களின் பின், 1951இல் குடிசன மதிப்பு எடுத்தபோது, சிற்றி முழுவதிலும் வசித்தவர்கள் 5,324 பேர். அவர்களில் கிரிப்பிள்கேற்றில் இருந்தவர்கள் 48 பேர். ஒரு வட்டாரத்துக்கு 48 பேர். அந்த எண்ணை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத வாசகர்களுக்கு எழுதுகிறேன் என்பதால் மேலே போகிறேன்.

எரிந்த கட்டடங்களின் இடிபாடுகள் அகற்றப்பட்ட பின் அங்கே மிஞ்சியவை நிலக்கீழ் அறைகள். கூரையில்லாமல், மழைத்தண்ணீர் தேங்கி, காட்டுச் செடி முளைத்துக் கிடந்த கிடங்குகள். நகரத் திட்டமிடலாளர்கள் அதைப் புதிய வீதிகளும் உயர்ந்த அலுவலகங்களும் வரப்போகும் வெற்று நிலமாகப் பார்த்தார்கள். காணி உரிமையாளர்கள் கட்டட அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில், மண்வெட்டியும் அளவு நாடாவும் சில கூலியாட்களுமாக உள்ளே இறங்கியவர் வில்லியம் பிரான்சிஸ் கிறைம்ஸ். இரண்டாயிரம் வருட நகரமொன்றின் பாதுகாப்பு அரண் எப்படி உருவானது என்ற கேள்விக்கு அவர் அங்கே கண்ட விடை, அதுவரை எழுதப்பட்டிருந்த லண்டன் வரலாற்றைத் திருத்தியது.

கிறைம்ஸ் லண்டன்காரர் அல்லர். 1905 ஒக்டோபரில் வேல்ஸின் தென்மேற்கு மூலையில் உள்ள பெம்புறோக்கில் பிறந்தவர். நண்பர்களுக்கு அவர் ‘பீற்றர்’. கார்டிஃபில் லத்தீன் படித்து முதல் வகுப்பில் சித்தியடைந்து, 1926இல், தனது இருபதாவது வயதில், அங்குள்ள வேல்ஸ் தேசிய நூதனசாலையில் தொல்லியல் உதவிக் காப்பாளராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் கைக்கு வந்த முதல் பெரிய வேலையைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது அவரது வாழ்க்கையின் கடைசிப் பக்கத்திலும் திரும்பி வருகிறது. வேல்ஸின் வடகிழக்கு எல்லையில் ஹோல்ற் என்ற இடத்தில், ரோம இராணுவத்தின் இருபதாம் படையணிக்கு ஓடும் செங்கலும் மட்பாண்டமும் செய்து கொடுத்த பெரிய சூளைத்தலம் ஒன்று இருந்தது. ஆர்தர் அக்ரன் என்பவர் 1907 முதல் 1915 வரை அதைத் தோண்டினார். ஆனால் முழு அறிக்கை வெளிவரவில்லை. பெட்டி பெட்டியாகக் கண்டெடுப்புகளும் படங்களும் குறிப்புகளும் நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. தான் ஒரு நாள்கூடத் தோண்டாத அகழ்வைப் பற்றி, இன்னொருவரின் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, இளைஞர் கிறைம்ஸ் முழு நூலளவு அறிக்கையொன்றை எழுதி 1930இல் வெளியிட்டார். ரோமப் படை எப்படிக் கட்டும், எந்த ஒழுங்கில் கட்டும், எங்கே அறை வைக்கும், எங்கே மதில் வளைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அங்கே பழகிவிட்டது.

அதன் பின் அவரது மனம் போன இடம் ரோமர் காலத்துக்கும் மிக முந்தைய வேல்ஸின் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். சொந்த மாவட்டத்திலுள்ள பென்ற்ரே இவான் கற்கிடையை 1936–37இல் ஆராய்ந்தார். இவை தனிக் கட்டுரைக்குரியவை.

1938இல் பிரித்தானிய நில அளவைத் திணைக்களத்தின் தொல்லியல் பிரிவுக்கு மாறினார். அடுத்த வருடக் கோடையில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டுக்குள் ஆங்கிலோ-சக்சன் கால அரசர் ஒருவரின் கப்பற் புதையல் வெளிப்பட்டபோது அவசரமாகக் கூட்டப்பட்ட சிறு குழுவில் கிறைம்ஸும் ஒருவர். உக்கிப்போன மரமும் துருப்பிடித்த இரும்பும் பொன்னும் ஒட்டிப் பிணைந்து கிடந்தவற்றை உடையாமல் வெளியே எடுப்பதில் அவரது கைத்திறன் பெரிதும் பயன்பட்டது. அகழ்வு முடிந்து சில வாரங்களில் உலக யுத்தம் தொடங்கிவிட்டது.

யுத்தம் என்றால் தொல்லியல் நின்றுபோகும் என்றுதான் நினைப்போம். கிறைம்ஸுக்கு நடந்தது மறுதலை. நாடெங்கும் விமானத் தளங்களுக்கும் படை முகாம்களுக்கும் நிலம் எடுக்கப்பட்டது. புல்டோசர் போவதற்கு முன்னால் ஓடிப்போய் அங்கே இருப்பதைப் பதிவு செய்யும் பொறுப்பு அரசின் கட்டடப்பணி அமைச்சின் மூலம் அவரிடம் வந்தது. யுத்த காலம் முழுவதும் அவர் அதையே செய்தார். 1944இல் லண்டனுக்கு மேற்கே ஒரு விமானத்தளத்துக்கு ஓடுபாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மண் அணையால் சூழப்பட்ட இரும்புக்காலக் குடியிருப்பொன்றை அவர் தோண்டினார். வட்டக் குடிசைகளின் தடங்களும், தூண் குழிகள் மட்டும் மிஞ்சிய ஒரு செவ்வகக் கோயிலும் கிடைத்தன. பதிந்து முடித்ததும் அதன் மேல் கொங்கிறீட் ஊற்றப்பட்டது. அந்த இடத்தின் பெயர் ஹீத்ரோ. நமது உறவுகளில் எத்தனையோ பேர் கைப்பையோடும் கலக்கத்தோடும் வந்திறங்கிய ஓடுபாதைகளின் அடியில் அந்தக் குடியிருப்பு கிடக்கிறது.

அழிவு நிச்சயம், தடுக்க அதிகாரம் இல்லை, நேரம் குறைவு, ஆகவே எதைப் பார்க்க முடியுமோ அதைச் சரியாகப் பார்த்து எழுதி வை. இந்த முறையோடுதான் அவர் லண்டனுக்குள் வந்தார்.

1945இல் லண்டன் நூதனசாலையின் பணிப்பாளரானார். அந்தக் கதிரையில் அவருக்கு முன்னர் இருந்தவர் மோர்ட்டிமர் வீலர். கிறைம்ஸ் தன் பதவியை ஏற்ற அதே 1945இல் வீலர் எங்கே நின்றார் தெரியுமா? புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில், தமிழகக் கடற்கரையில் ரோம வணிகத்தின் மட்பாண்டத் துண்டுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக அவர் அனுப்பப்பட்டிருந்தார். ரோமப் பேரரசின் வடமேற்கு விளிம்பில் ஒருவரும், அதன் கப்பல்கள் வந்துபோன கீழைக் கரையில் இன்னொருவரும் ஒரே காலத்தில் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். வீலர் மீசையும் பேச்சுமாகப் பிரபலம் தேடிக்கொண்ட மனிதர். கிறைம்ஸ் அமைதியானவர், தானே அளந்து தானே வரைபடம் கீறி, கோடு பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர்.

1946இல் ‘ரோம, மத்தியகால லண்டன் அகழ்வுச் சபை’ அமைக்கப்பட்டது. கிறைம்ஸ் அதன் கௌரவப் பணிப்பாளர். கௌரவம் என்றால் சம்பளமில்லாதது. நூதனசாலை வேலையைப் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கவேண்டும். பணத்துக்காக விடுத்த வேண்டுகோளுக்கு உலகின் பெரும் பணக்கார நிறுவனங்கள் நிறைந்த சிற்றியிலிருந்து கிடைத்தது சொற்பம். பெரும்பகுதிச் செலவைக் கட்டடப்பணி அமைச்சுத்தான் தாங்கியது. சில கூலியாட்கள், அகழ்வை அன்றாடம் மேற்பார்வை செய்த ஓட்ரி வில்லியம்ஸ் என்ற அனுபவமிக்க தொல்லியலாளர், கிறைம்ஸ். இதுதான் ஆளணி. ஓட்ரி யுத்தம் முடியுமுன்பே கன்ரபரி நகரில் குண்டு விழுந்த நிலங்களைத் தோண்டத் தொடங்கியவர். பிற்காலத்தில் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

முக்கியமானது இன்னொன்று. கட்டுமானத்தை நிறுத்தவோ தாமதப்படுத்தவோ சபைக்கு எந்தச் சட்ட அதிகாரமும் இல்லை. காணிக்காரர் விரும்பினால் இறங்கலாம். கட்டட ஒப்பந்தகாரர் வந்துவிட்டால் ஏறிவிட வேண்டும். எரிந்த நிலப்பரப்பில் அவர்கள் உண்மையில் தொட்டுப் பார்த்தது ஒரு சிறு பகுதியை மட்டுமே.

வேலை செய்யும் விதமும் சுலபமானதில்லை. ரோமர் கால மண் இன்றைய வீதி மட்டத்துக்குப் பல மீற்றர் கீழே. விக்டோரியா காலத்து நிலக்கீழ் அறைகள் அதன் மேற்பகுதியை ஏற்கனவே வெட்டிக் கொண்டு போயிருந்தன. மிச்சத்தை மத்தியகாலக் குப்பைக் குழிகள் துளைத்திருந்தன. தோண்டிய மண்ணைக் கொட்ட இடமில்லை. ஆகவே பெரிய பரப்பில் தோண்டாமல், அறையின் நிலத்தை உடைத்து ஒடுக்கமான வாய்க்கால் போல வெட்டி, பக்கங்கள் சரியாமல் மரப்பலகை முட்டுக் கொடுத்து இறங்கினார்கள். அந்த ஒடுக்கமான வெட்டில் தெரியும் சில அடி நீள மண்ணையும் கல்லையும் வைத்துத்தான் முழுக் கதையையும் ஊகிக்கவேண்டும்.

1947இல் கிரிப்பிள்கேற்றில் இறங்கியபோது கிறைம்ஸின் மனதில் இருந்தது ஒரு பழைய புதிர். ரோம லண்டனைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஒரு நகர மதில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். கிழக்கிலிருந்து ஏறத்தாழ நேராக வரும் அந்த மதில், வடமேற்கு மூலைக்கு வந்ததும் விசித்திரமாக நடந்துகொள்கிறது. வெளியே துருத்தி, வளைந்து, தெற்கே இறங்கி, பிறகு திடீரென மறுபடியும் மேற்கே திரும்புகிறது. ஒரு நகரை அரண் செய்கிறவன் ஏன் இப்படி மூலை வைத்துக் கட்டவேண்டும்? கல்லும் கூலியும் வீண். சதுப்பு நிலம், பழைய எல்லை என்று பல காரணங்கள் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன.

விடை 1949இல் நோபிள் வீதியை ஒட்டிய ஒரு நிலக்கீழ் அறையில் கிடைத்தது.

அங்கே மதிலைக் குறுக்காக வெட்டிப் பார்த்தபோது அது ஒரு மதிலாக இல்லை. வெளிப்பக்கம் ஏறத்தாழ 1.2 மீற்றர் தடிப்பில் ஒரு மதில். அதன் உட்பக்கத்தில், அதே அளவு தடிப்பில், முதுகோடு முதுகு ஒட்டியதுபோல இன்னொரு மதில். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடாக ஒரு பொருத்து. நகர மதிலின் ஏனைய எல்லாப் பகுதிகளிலும் அடித்தளத்தில் இரண்டரை மீற்றருக்கு மேற்பட்ட தடிப்பு, ஒரே கட்டாக எழுப்பப்பட்டது. இங்கே மட்டும் இரண்டு மெல்லிய மதில்கள். வீட்டுக்குப் பழைய சுவர் இருக்க, அதை இடிக்காமல் பக்கத்தில் ஒட்டி இன்னொரு வரிசை கல் வைத்துத் தடிப்பாக்கியது போல.

தொடர்ந்து வெட்டினார்கள். மதில் வளைந்தது. வளைவின் உட்பக்கத்தில், வெளி மதிலோடு இணைத்துக் கட்டிய ஒரு சிறு காவல் கோபுரத்தின் அடித்தளம் வந்தது. சிறிது தூரத்தில் இன்னொன்று. வெளியே அகழியின் தடம். இலத்தீனும் ஹோல்ற்றும் தெரிந்த ஒருவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வட்டமான மூலை, மூலைக்குள் ஒரு கோபுரம், நடுநடுவே கோபுரங்கள், வெளியே அகழி. சீட்டாட்டத்தில் வரும் ஒரு சீட்டைப் போல நீள்சதுரமாய் மூலை மழுங்கிய அந்த வடிவத்தை ரோமப் படை ஸ்கொட்லாந்து எல்லையிலிருந்து வட ஆபிரிக்கா வரை கட்டி வைத்திருக்கிறது. அங்கே கிடந்தது ஒரு முழு இராணுவக் கோட்டை. அதுவரை லண்டனில் அப்படியொன்று இருந்ததாக எவருக்கும் தெரியாது.

பின்னைய வருடங்களின் வெட்டுகளால் அதன் அளவு புலப்பட்டது. ஒரு பக்கம் சுமார் 200 மீற்றர், மறுபக்கம் சுமார் 220. பதினொன்று, பன்னிரண்டு ஏக்கர் பரப்பு. உள்ளே நீண்ட வரிசைகளாகப் படைவீரர் குடியிருப்புகள். ஆயிரம் பேரளவு தங்கக்கூடியவை. கட்டப்பட்ட காலம் கி.பி. 120 அளவு. புதிர் அவிழ்ந்தது: கோட்டைதான் முதலில் வந்தது. அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் பிந்தி, கி.பி. 190க்கும் 225க்கும் இடையில், நகரைச் சுற்றி மதில் எழுப்பியவர்கள் அங்கே ஏற்கனவே நின்ற கோட்டையின் வடக்கு, மேற்குச் சுவர்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவை புதிய மதிலின் தரத்துக்கு மெலிதாக இருந்ததால் உள்ளே ஒரு வரிசை கட்டித் தடிப்பாக்கினார்கள். விசித்திரமான மூலை கோட்டையின் மூலை.

கட்டுகிறவர்களின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நகர மதில் முழுவதற்கும் 85,000 தொன் அளவு கென்ற் பிரதேசத்துச் சுண்ணக்கல் தேவைப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கல் லண்டனில் இல்லை. மெய்ட்ஸ்ரன் பக்கமிருந்து ஆற்றுவழியாகப் படகில் வரவேண்டும். 1962இல் தேம்ஸ் கரையில் பிளக்ஃபிறையர்ஸ் அருகே, இதே வகைக் கல்லோடு மூழ்கிப்போன ரோமர் காலப் படகொன்றே கிடைத்தது. இவ்வளவு தூரம் கல் சுமக்கும்போது நிற்கிற சுவரை யாராவது இடிப்பார்களா?

இன்னும் ஒன்று புலப்பட்டது. கோட்டையின் வடக்கு வாயில் நின்ற இடம்தான் பின்னாளில் கிரிப்பிள்கேற் என்ற நகர வாசல். கோட்டையை வடக்குத் தெற்காகப் பிளந்த பிரதான பாதையின் மேல் மத்தியகாலத்தில் வூட் வீதி ஓடியது. 1940 டிசெம்பர் இரவில் அந்த வட்டாரத்தில் எரிந்த ஒழுங்கைகள் சில, ரோமப் படை அளந்து போட்ட கோடுகளின் மேல் கிடந்தவை. அங்கே கடை வைத்திருந்தவர்களுக்கும் துணி தைத்தவர்களுக்கும் அது தெரியாது. அந்தக் குடியிருப்பு எரியாமல் இருந்திருந்தால் நமக்கும் தெரிந்திராது. இந்த உண்மையைச் சொல்லும்போது நான் சற்றுத் தயங்குகிறேன். குண்டுவீச்சுத் தொல்லியலுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று சிலர் சிரித்துக்கொண்டே எழுதுவதுண்டு. அந்த எழுத்தில் 48 என்ற எண் இருப்பதில்லை.

1956இல் மேற்கு வாயில் கிடைத்தது. அது கிடைத்ததற்குக் காரணம் அகழ்வுத் திட்டமல்ல. எரிந்த வட்டாரத்தை ஊடறுத்து ‘லண்டன் வோல்’ என்ற புதிய பெருவீதியைப் போடும் வேலை. இரட்டை வழியுள்ள வாயில், இருபுறமும் காவல் கோபுரங்கள். வடக்குக் கோபுரத்தின் அடிப்பகுதி பெரிய கற்களோடு நன்றாகவே நின்றது. வண்டிச் சக்கரங்களும் படைவீரர்களும் போய்வந்த அந்த வழி பிற்காலத்தில் கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. வீதியை நிறுத்த முடியாது. ஆனால் வீதிக்குக் கீழே நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் கட்டத் திட்டமிருந்ததால், அதன் ஓரத்தில் ஒரு கொங்கிறீட் அறை விட்டு வாயிலின் மிச்சத்தை அதற்குள் காப்பாற்றினார்கள். இன்றும் அது அங்கேதான். அதே தரிப்பிடத்தில் வேறோர் இடத்தில், நகர மதிலின் துண்டொன்று கார்களுக்கு நடுவே நிற்கிறது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, கிறைம்ஸ் பெயர் உலகறிந்தது வேறொன்றால். 1952 முதல் அவரது குழு வோல்புறூக் என்ற இடத்தில், மண் மூடிப்போன ஒரு சிற்றாற்றின் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் வரவிருந்தது. வெட்டில் ஒரு கட்டடம் தட்டுப்பட்டது. அது கோயில் என்று புரிந்தது. 1954 செப்டெம்பர் 18, அகழ்வின் கடைசி நாளாகக் குறிக்கப்பட்டிருந்த சனிக்கிழமை, பளிங்கில் செய்த ஓர் இளைஞரின் தலை மண்ணிலிருந்து வந்தது. ரோமப் படைவீரரும் வணிகரும் இரகசியச் சடங்குகளோடு வழிபட்ட மித்ராஸ் தெய்வம். மறுநாள் ஞாயிறு பத்திரிகையில் படம்.

திங்கள் முதல் சனம் வெள்ளமாக வந்தது. வீதிகளைச் சுற்றி வரிசை நின்றது, பொலிஸ் வரவேண்டியிருந்தது. அகழ்வு நீடிக்கப்பட்ட இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. அன்றைய பிரதமர் சேர்ச்சிலின் அமைச்சரவையிலும் கோயிலைக் காப்பது பற்றிப் பேசப்பட்டது. அதே இடத்தில் வைத்திருக்கச் செலவு தாங்காது என்று முடிவானது. கல்லைக் கழற்றி எடுத்து, 1962இல் சிறிது தூரத்தில், உயர்த்திய மேடை ஒன்றில் சீமெந்து பூசி மறுபடி அடுக்கினார்கள். அந்த வேலை கிறைம்ஸுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அது தான் தோண்டிய கோயிலைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்றே கருதினார். 2017இல், புளூம்பேர்க் நிறுவனத்தின் புதிய கட்டடத்துக்கு அடியில், மூல இடத்துக்கு அருகே, முன்னையதைவிட உண்மையான வடிவில் அது மீள அமைக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

தலையைப் பார்க்க 4 இலட்சம் பேர் வந்ததில் தவறில்லை. யுத்தத்தில் வீடிழந்தும் பங்கீட்டு அட்டையோடு வரிசை நின்றும் களைத்துப்போன சனம். அந்த வருடம்தான் உணவுப் பங்கீடு முடிந்திருந்தது. இடிபாட்டிலிருந்து அழகான ஒரு முகம் வந்தால் போய்ப் பார்க்கத்தான் செய்யும். ஆனால் கோட்டை மதிலில் இருந்த ஒரு நேர்க்கோட்டுப் பொருத்தை எத்தனை பேர் வந்து பார்த்திருப்பார்கள்? என் கணிப்பில், கிறைம்ஸ் லண்டனுக்குச் செய்த பெரிய வேலை அந்தப் பொருத்தைக் கவனித்ததுதான்.

எரிந்த தேவாலயங்களிலும் அவர் தோண்டினார். அச்சகர்களின் கோயில் என்று பேர்பெற்ற, பத்திரிகைத் தெருவான ஃபிளீற் வீதியின் சென். பிறைட் தேவாலயம் 1940 டிசெம்பரின் அதே இரவில் எரிந்தது. 1952–53இல் அதன் நிலத்தடியைத் தோண்டியபோது ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட முந்தைய தேவாலயங்களும், எல்லாவற்றுக்கும் அடியில் ரோமர் காலத் தளமும் தெரிந்தன. மூடப்பட்டு மறக்கப்பட்ட நிலவறைகளில் ஆயிரக்கணக்கான மனித எச்சங்களும் இருந்தன. அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோரின் பெட்டிகளில் பெயரும் வயதும் இறந்த திகதியும் பொறித்த தகடுகள் இருந்தன. பெயர் தெரிந்த எலும்புகள் என்பதால் உலகெங்குமுள்ள தடயவியல் ஆய்வாளர்களுக்கு அந்தத் தொகுதி பெரும் பயனுள்ளதாகியது. எலும்பிலிருந்து வயதைக் கணிக்கும் முறைகள் சரியா என்று சோதிக்க அது இன்றும் பயன்படுகிறது. புதைகுழிகளின் அறிக்கைகளை வாசித்துப் பழகிய நமக்கு, எலும்புக்குப் பக்கத்தில் ஒரு பெயர்த் தகடு இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும்.

1956இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் நிறுவகத்துக்குப் பணிப்பாளராகவும் பேராசிரியராகவும் போனார். வீலர் உருவாக்கிய நிறுவகம் அது. 1973இல் ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார். சிற்றியில் தோண்டுவதையும் விடவில்லை. கிரிப்பிள்கேற்றில் அவரது கடைசி வெட்டுகள் அறுபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டியும் நடந்தன. மதிலின் வெளியே துருத்தி நிற்கும் அரைவட்டக் கொத்தளங்கள் சில ரோமர் காலத்தவை என்றே நம்பப்பட்டன. பார்பிகன் குடியிருப்புக்கு நிலம் வெட்டியபோது வெளிப்பட்ட அப்படியொரு கொத்தளத்தை ஆராய்ந்து, அது மத்தியகாலத்தது என்று நிறுவினார்.

இனி, அவரது குறையையும் சொல்லவேண்டும். இருபது வருடங்களுக்கு மேல் நீண்ட இந்த அகழ்வுகளுக்கு அவர் முழு அறிக்கை எழுதவில்லை. 1968இல் ஒரு நூல் வந்தது. நல்ல நூல், கோட்டை பற்றிய வாதமும் அதில் தெளிவாக உண்டு. ஆனால் எந்த வெட்டில் எந்த மண்படையில் எந்தத் துண்டு கிடைத்தது என்று மற்றவர்கள் சரிபார்க்கும் வகையிலான விபரங்கள் அதில் இல்லை. தொல்லியலில் தோண்டுவது என்பது அழிப்பதும்தான். ஒரே தரம்தான் தோண்டலாம். எழுதப்படாத அகழ்வு கட்டட இயந்திரம் கொண்டுபோனதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. அவர் மேல் இந்தக் குற்றச்சாட்டு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. சம்பளமில்லாத பணி, சிறிய குழு, அடுத்தடுத்து விழுந்துகொண்டிருந்த கட்டட வேலைகள் என்று மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சற்றுச் சாய்கிறேன், ஏனென்றால் அவர் குறிப்புகளை விட்டுப் போனார். வெட்டுமுகப் படங்கள், அளவுகள், புகைப்படங்கள், குறிப்பேடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

ஓய்வின்பின் வேல்ஸுக்குத் திரும்பிய கிறைம்ஸ் 1988 டிசெம்பர் 25, நத்தார் தினத்தன்று சுவான்சியில் காலமானார். அதே வருடத்தின் தொடக்கத்தில், அவரது கோட்டையின் தென்கிழக்கு மூலைக்கு வெளியே, கில்ட்ஹோல் முற்றத்தில் புதிய கலைக்கூடமொன்றுக்கு நிலம் பார்த்தபோது ரோமர் கால வட்டரங்கு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, 1990இல், இங்கிலாந்தில் திட்டமிடல் வழிகாட்டல் மாறியது. மண்ணுக்கடியில் தொல்பொருள் இருக்கக்கூடிய இடத்தில் கட்ட விரும்புகிறவர் முதலில் ஆராயவும் அதற்கான செலவைத் தானே ஏற்கவும் வேண்டும் என்பது நடைமுறையானது. காணிக்காரரின் நல்ல மனதை நம்பியிருந்த கிறைம்ஸின் காலத்தில் இது கனவு.

அவர் விட்டுப்போன பெட்டிகளை ஜோன் ஷெப்பர்ட் என்ற தொல்லியலாளர் எடுத்துக்கொண்டார். மித்ராஸ் கோயிலின் முழு அறிக்கை 1998இல் வந்தது. கிரிப்பிள்கேற் கோட்டையின் அறிக்கை 2012இல் வந்தது. நோபிள் வீதி நிலக்கீழ் அறையில் இரட்டை மதிலைக் கண்ட நாளிலிருந்து அறுபத்து மூன்று வருடங்கள். ஹோல்ற்றில் அக்ரனின் பெட்டிகளுக்கு இளைஞர் கிறைம்ஸ் செய்ததை, கிறைம்ஸின் பெட்டிகளுக்கு இன்னொருவர் செய்தார்.

லண்டனில் இருக்கிறவர்கள் நோபிள் வீதிக்குப் போனால், நடைபாதைக் கைப்பிடிக்கு அப்பால் கீழே ஒரு நீண்ட பள்ளத்தைப் பார்க்கலாம். கோட்டையின் மேற்கு மதில், வளைந்த மூலை, அதற்குள் காவல் கோபுரத்தின் அடித்தளம். கூர்ந்து பார்த்தால் கல்லின் தடிப்பில் இரண்டு மதில்களும் தெரியும். அதற்கு மேலே, இடையிடையே, கருகிய செங்கல் சுவர்களின் துண்டுகள் நிற்கின்றன. அவை ரோமர் காலத்தவை அல்ல. 1940இல் எரிந்த கட்டடங்களின் பின்சுவர்கள். அவற்றைக் கட்டியவர்கள் தங்களுக்குத் தெரியாமலே கோட்டை மதிலை அத்திவாரமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அகழ்வு முடிந்தபின் அவற்றையும் அகற்றாமல் விட்டிருக்கிறார்கள்.